ஒரே அடி

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. விடாமுயற்சியின் பெருமையை உணர்த்தும் இம்மொழியில் நுட்பம் ஒன்றும் அடங்கியுள்ளது. அடிகள் பலவாயினும், அவை ஒரே திசையில் விழுதல் வேண்டும். திசைக்கொன்றாக விழும் நூறு அடிகள் அம்மியை நகர்த்தமாட்டா. ஒருமுறை நன்கு அடித்தல் எளிது. அவ்வாறே மீண்டும் மீண்டும் அடித்தலே அரிது. இவ்வருமையைத் தெளிவாகக் காட்டுவது கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டம்.

ஆங்கிலேயர் வழியாக நம் நாட்டிற்கு வந்த ஆட்டம் இது. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலும், கொடைக்கானலில் 1895-ஆம் ஆண்டிலும் இதற்கெனக் கழகங்கள் தோன்றின. தரையில் கிடக்கும் சிறு பந்தை நீண்ட கோலால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் சேர்த்தல் வேண்டும். கிரிக்கெட்டில் பந்து பாய்ந்து வருகின்றது. இங்கோ அசையாது கிடக்கின்றது. ஆதலின், இது எளிதென்றே எவர்க்கும் தோன்றும். ஆயினும், இன்று நேரே சென்ற பந்து நாளை புதருக்குள் சென்று மறைகின்றது. இதற்குக் காரணம் யாது?

முதலாவது, காலத்தின் குறுமை. ஓங்கிய கோல் இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறக்குறைய கால் நொடியே ஆகின்றது. பிழையைக் கண்டு கையைத் திருத்துவதற்கே நமக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். எனவே, தவறு தெரியும்போது பந்து பறந்துவிடுகின்றது. இரண்டாவது, பிழையின் பெருக்கம். பந்து புறப்படும் திசை 1 பாகை மாறினும், 200 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் விலகிவிடும். மூன்றாவது, உறுப்புகளின் பன்மை. முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய அனைத்தும் இயைந்து இயங்கினாலன்றி அடி செவ்விதாக அமையாது.

அவ்வாறாயின், உடலைப் பொறிபோல இயங்கச் செய்தலே பயிற்சி என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் உருசிய அறிஞர், 1920-களில் மாஸ்கோவில், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளரின் அசைவுகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்தவரின் தோளும் முழங்கையும் ஒவ்வோர் அடியிலும் சிறிது வேறுபட்டன. சுத்தியலின் தலையோ குறி தவறாது விழுந்தது. ஒரு மூட்டின் பிழையை மற்றொரு மூட்டு ஈடுசெய்தது. அசைவு ஒன்றாயிருத்தல் அன்று, பயன் ஒன்றாயிருத்தலே திறமை என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையைக் காண மாஸ்கோவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள அரிமளத்தில், வரப்பு வெட்டும் உழவரைக் காண்க. ஓரிடத்தில் ஈரம், ஓரிடத்தில் சரளை, ஓரிடத்தில் வேர். மண்வெட்டியை ஓங்கும் அளவும் இறக்கும் விசையும் அடிக்கு அடி மாறுகின்றன. வரப்போ நேராக அமைகின்றது. கஞ்சிராவும் அத்தகையதே. அதனைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. நீர் தடவிய தோல் காயக் காய, அதன் ஒலி ஏறுகின்றது. ஆதலின், மாறும் தோலுக்கேற்பக் கையும் மாறினால்தான் நாதம் ஒருபடித்தாய் நிற்கும்.

எனவே, எண்ணிக்கையை மட்டும் பெருக்குவது பயிற்சியாகாது. ஒவ்வோர் அடியும் எங்கே விழுந்தது, ஏன் அங்கே விழுந்தது என உற்றுநோக்குதல் வேண்டும். முதலில் மெல்லவும், பின்னர் விரைந்தும், இடமும் சூழலும் மாற்றியும் பழகுதல் வேண்டும். நேற்று வந்த அடி இன்று வரவில்லை என்று, தனக்கு இது வாராது எனக் கைவிடுவோர் பலர். அவர்பால் குறைந்தது ஆற்றலன்று, பொறுமையே. சோம்பல் என்று அவர்களைக் கடிந்துகொள்ளும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

பலகையிலும் தாளிலும் கரும்பலகையிலும் கை வெவ்வேறு வகையாக இயங்கினும், எழுதுவோரின் எழுத்து தன் வடிவம் மாறுவதில்லை. அதனைக் கற்ற கை, பிறவற்றையும் கற்கும்.