லொறி தானாக எரிவதில்லை

பத்திரிகைத் தமிழில் சில வாக்கியங்களுக்கு ஆசிரியர் கிடையாது. ஈய எழுத்துக் காலத்திலிருந்தே அவை கோத்தபடி வைக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பெயரையும் வாகன இலக்கத்தையும் மாற்றினால் போதும். ‘வீதியில் சென்றுகொண்டிருந்த லொறி ஒன்று திடீரெனத் தீப்பற்றி எரிந்து நாசமானது. மின்னொழுக்கே காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது.’ இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எழுதினேன், பிறர் எழுதியதை எத்தனை தடவை திருத்தாமல் விட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்று பொய் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அது 1998ஆம் ஆண்டு. கொழும்பில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்துக்குப் பழைய யப்பானியச் சிறு லொறி ஒன்று இருந்தது. காபரேற்றர் பூட்டிய பெற்றோல் எஞ்சின். அந்த ரக லொறிகளில் எஞ்சின் முன்னால் இல்லை, சாரதியின் இருக்கைக்குக் கீழே இருக்கும். இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சினைப் பார்க்கலாம். நள்ளிரவு கழிந்து பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறி, சிலாபத்தைத் தாண்டிய பின் ஒருநாள் தீப்பற்றியது. இரண்டு நாட்களாகவே பெற்றோல் மணக்கிறது என்று சாரதி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று பதில் கிடைத்திருந்தது. அன்று மணம் தாங்க முடியாமற் போனதும் வண்டியை ஓரங்கட்டினார். உதவியாளர் இருக்கையைத் தூக்கினான். அதுவரை காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த நெருப்பு அவனுடைய முகத்துக்கு வந்தது. வயது பத்தொன்பது.

வைத்தியசாலையில் சாரதி என்னிடம் சொன்னது இது. முதல் வாரந்தான் கராஜில் புதிய பில்டர் ஒன்று போட்டார்கள். பெற்றோல் பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகும் குழாயை வெட்டி, நடுவில் இரண்டு துண்டு இறப்பர் குழாயும் ஒரு பிளாஸ்டிக் பில்டரும். அந்த இறப்பர் ஒரு தடவை கழன்று வந்தது. அவரே கையால் திணித்துக் கிளிப்பை இறுக்கினார். இதையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அலுவலகம் திரும்பினேன். மறுநாள் ‘மின்னொழுக்கு’ என்று அச்சானது. பராமரிப்புச் செலவைக் குறைத்தவர்கள் எனக்குச் சம்பளம் தந்தவர்கள். அவ்வளவுதான் விளக்கம்.

இப்போது இதை எழுதக் காரணம், கடந்த மாதம் வடமராட்சியில் ஒரு கராஜில் அதே பில்டரை அதே இடத்தில் பார்த்தேன். நண்பரின் பழைய பெற்றோல் லொறி. வெளியே பளபளவென்று பெயின்ற் அடித்து முடித்தாயிற்று. உள்ளே, சூடேறிய எக்ஸோஸ்ட் மெனிபோல்டுக்கு ஒரு சாண் உயரத்தில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பில்டர் ஒன்று இறப்பர்க் குழாயில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். “தம்பி, கண்ணுக்குத் தெரியிற இடத்திலை இருந்தால்தானே ஊத்தை தெரியும்? நாப்பது வருசமா இப்பிடித்தான் போடுறம்” என்றார் மூத்த மெக்கானிக். நல்ல மனிதர், எஞ்சினின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லக்கூடியவர். ஆனால் இந்த விடயத்தில் அவர் சொல்வது முழுத் தவறு. அதை மரியாதையுடன், ஆனால் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காபரேற்றர் வாகனங்கள் பெரும்பாலானவற்றில் பெற்றோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் பூட்டப்பட்டு, எஞ்சின் சுழலும்போது தானும் இயங்கும். அது தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி, காபரேற்றருக்குத் தள்ளுகிறது. உறிஞ்சும் பக்கம் ஒன்று, தள்ளும் பக்கம் ஒன்று. விவகாரம் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு விழுந்தால் பெரும்பாலும் பெற்றோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் இருமும், பெலனிழக்கும், நின்றுவிடும். சாரதி இறங்கிச் சபிப்பார்; உயிரோடு நின்று சபிப்பார். தள்ளும் பக்கத்தில் அதே வெடிப்பு விழுந்தால், சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 இறாத்தல் வரையான அழுத்தத்தில் பெற்றோல் பீச்சும். எங்கே? எஞ்சினிலேயே மிகவும் சூடான உலோகத்தின் மேலும், தீப்பொறி பறக்கும் டிஸ்ரிபியூற்றரின் அருகிலும். எஞ்சின் நிற்கும்வரை பம்பும் ஓயாது. காபரேற்றரின் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கும் பெற்றோலில் எஞ்சின் இன்னும் சிறிது நேரம் ஓடித் தன் நெருப்புக்குத் தானே எண்ணெய் வார்க்கும்.

ஆகவே பில்டர், இறப்பர், கிளிப், பொருத்து ஆகிய பலவீனங்கள் அனைத்தையும் இயன்றவரை பம்புக்கு முன்னால், சஸியின் ஓரமாக, சூட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையில் உலோகக் குழாயே இருக்க வேண்டும். என் வாதம் இவ்வளவுதான். பெரிய கண்டுபிடிப்பும் அல்ல. யப்பானியச் சிறு லொறிகள் பலவற்றில் பில்டர் பம்புக்கு முன்னாலேயே பூட்டப்பட்டு வந்தது.

தயாரிப்பாளர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களா என்று கேட்கலாம். இல்லை. அமெரிக்க செவ்ரலே லொறிகளின் ரொச்செஸ்டர் காபரேற்றரில் பில்டர் தள்ளும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது காபரேற்றரின் வாயிலேயே, உலோகத்தின் உள்ளே, ஒரு பெரிய நட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு அடங்கியிருந்தது. நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் மெதுவான நாக வார்ப்பில் மரை தேய்ந்துவிடும். தேய்ந்தவுடன் உள்ளிருந்த பில்டரை எடுத்து வீசிவிட்டு, குழாயை வெட்டிப் பிளாஸ்டிக் பில்டர் பூட்டினார்கள். நமக்குத் தெரிந்த பழைய பிரித்தானிய வாகனங்களில் ஏ.சி. பம்பின் தலையில் கண்ணாடிக் கிண்ணமும் கம்பி வலையும் இருந்தன. ஊத்தையும் தண்ணீரும் அதில் கண்ணுக்குத் தெரிந்தன. அந்தக் கிண்ணத்தின் தக்கை வளையம் கிடைக்காத காலத்தில் அதுவும் போயிற்று. ஜீப் சிலவற்றில் மூன்று மூக்குள்ள உலோக பில்டர் உண்டு. மூன்றாவது மூக்கு ஆவியைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்புவதற்கு, அது மேல்நோக்கி இருக்க வேண்டும். நம்மவர்கள் அதை அடைத்துவிட்டு, வெயிலில் வண்டி நிற்கிறது என்று மூக்கால் அழுவார்கள். வடிவமைத்தவன் காரணத்தோடு வைத்தான். பழுது பார்த்தவன் காரணம் கேளாமல் கழற்றினான். இதை ‘வழமை’ என்கிறோம்.

வெட்டிய முனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தப் பையனின் முகத்தைச் சுட்டது அதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் உலோகக் குழாயின் முனையில் ஒரு சிறிய புடைப்பு வளையம் இருக்கும். இறப்பர் அதைத் தாண்டி ஏறி, கிளிப் அதற்குப் பின்னால் இறுகும், இழுத்தாலும் கழலாது. குழாயை நடுவில் வாளால் அறுத்தால் அந்த வளையம் இல்லாத வழுக்கு முனைகள் இரண்டு உண்டாகின்றன. அவற்றில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் எஞ்சினின் அதிர்விலும் சூட்டிலும் இறப்பர் மயிரிழை மயிரிழையாக வழுவும். அதற்கு மேலும் இறுக்கினால் கிளிப்பின் பல் இறப்பரை அறுக்கும். முனைக்குப் புடைப்பு வளையம் எடுக்கும் சிறு கருவி பல கராஜ்களில் இருக்கிறது. பிரேக் குழாய்க்குப் பாவிக்கிறார்கள். பெற்றோல் குழாய்க்கு ஏன் பாவிப்பதில்லை?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பம்புக்கு முன்னால் பில்டரை வைத்தால், அது அடைபடும்போது பம்ப் உறிஞ்சத் திணறும். நமது வெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது பில்டரை மாற்றாமல் விட்டதன் விளைவு. பில்டர் இருக்கும் இடத்தின் குற்றம் அல்ல. பெரிய பில்டரைப் போட்டு, குழாயைச் சைலன்சரிலிருந்து விலக்கி, காலத்துக்குக் காலம் மாற்றினால் தீரும் பிரச்சினை. அப்படியும் வண்டி நின்றால் நிற்கட்டும். நிற்பதும் எரிவதும் ஒன்றல்ல. எஞ்சின் ஓடாதபோது, தாங்கி மேலேயும் பில்டர் கீழேயும் இருந்தால் ஒழுகலாம் என்பதும் சரியே. அந்த ஒழுக்கு மண்ணில் விழும்; மெனிபோல்டில் அல்ல. இன்னொரு எச்சரிக்கை: பழைய பம்ப் பழுதானதும் தாங்கியருகே மின் பம்ப் பூட்டுகிறார்களே, அவர்களுக்கு நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. முழுக் குழாயும் தள்ளும் பக்கமாகிவிடுகிறது. விபத்தில் எஞ்சின் நின்றாலும் சாவி திறந்திருக்கும்வரை பம்ப் தள்ளிக்கொண்டேயிருக்கும். மோதலில் மின்னை அறுக்கும் ஆளி இல்லாமல் அதைப் பூட்டுவது குற்றம் என்றே சொல்வேன்.

‘நாப்பது வருசமா’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்த மூத்தவரின் நாற்பது வருடத்தில் 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடையும் அடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அன்று போத்தலில் அளந்து விற்ற திரவியம். ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு இயக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மருத்துவமனைச் சேலைன் குழாய்கூட எரிபொருள் குழாயானதை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சாமர்த்தியத்தை நான் கேலி செய்யமாட்டேன். அதனால்தான் நோயாளிகள் வைத்தியசாலைக்குப் போனார்கள். ஆனால் மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற, அது ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். பெற்றோலுக்கு உறைநிலைக்குக் கீழே 40 பாகையே போதும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமாதலால் கலைந்து போகாமல் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். மண்ணெண்ணெய் பல ஒழுக்குகளை மன்னித்தது. அந்த மன்னிப்பில் பழகிய கைகள், பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபின்பும் அதே முடிச்சுகளைப் போட்டன.

இது தாயகத்துக் கதை மட்டுமல்ல. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பழைய லொறிகளை வாங்கிச் சீராக்கும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். எத்தனோல் கலந்த பெற்றோல் பழைய இறப்பரை ஊதவும் வெடிக்கவும் செய்யும். தாங்கியில் பல்லாண்டுகளாகப் படிந்ததைக் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும். இந்தியா 2025இல் 20 வீதக் கலப்பை எட்டியது. அங்கே காபரேற்றர் வண்டி வைத்திருப்பவர்கள் இறப்பரின் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது, அது உள்ளிருந்து கெடும். குழாயின் மேல் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7 அல்லது ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீர்க் குழாயும் வெற்றிடக் குழாயும் பெற்றோல் குழாய் ஆகமாட்டா.

என் தொழிலின் இன்னொரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டர்ஸ் 1973 முதல் 1987 வரை தயாரித்த பிக்கப் லொறிகளில் பெற்றோல் தாங்கிகள் சஸிச் சட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டில் இருந்தன. பக்கத்தில் மோதினால் முதலில் நசுங்குவது தாங்கி. எரிபொருளை எங்கே வைப்பது என்ற நியாயமான கேள்வி அது. 1992 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி அதைக் காட்டப் போனபோது, நெருப்பு நிச்சயம் பிடிக்க வேண்டுமென்று லொறியின் அடியில் சிறிய ரொக்கற் திரிகளைக் கட்டி வைத்தது. அம்பலமானதும் 1993 பெப்ரவரியில் திரையிலேயே மன்னிப்புக் கேட்டது. செய்திப் பிரிவின் தலைவர் மைக்கல் கார்ட்னர் பதவி விலகினார். 1994 ஒக்ரோபரில் போக்குவரத்துச் செயலாளர் அந்த வடிவமைப்பில் பாதுகாப்புக் குறைபாடு உண்டு என்றே முடிவு சொன்னார். ஆனால் டிசம்பரில், பாதுகாப்புத் திட்டங்களுக்கு நிறுவனம் ஏறக்குறைய 51 மில்லியன் டொலர் கொடுப்பதென்ற உடன்பாட்டோடு விசாரணை மூடப்பட்டது. லொறிகள் திருப்பி அழைக்கப்படவில்லை. உண்மைக்குப் பொய்ச் சாட்சி சொன்னவர்கள் அவர்கள். நாங்கள் அந்தச் சிரமம்கூட எடுக்கவில்லை. மின்னொழுக்கு என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

அரசாங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2008இலிருந்து இந்நாட்டில் வாகன வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். வால்குழாய்க்குள் கருவியை விட்டு, வெளியேறுவதை அளக்கிறார்கள், நல்லது. இறப்பர்க் குழாயின் வயதை அந்தக் கருவி சொல்லாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தோட்ட மூலையில் கிடந்த கிழட்டு வண்டிகளெல்லாம் வீதிக்கு வந்தன. வருடத்துக்கு ஒருமுறை அந்த வண்டியை எப்படியும் ஒரு பரிசோதகர் முன் நிறுத்துகிறோம். பொனற்றைத் திறந்து, இருக்கையைத் தூக்கி, குழாயை விரலால் வளைத்து வெடிப்புப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதையும் சான்றின் நிபந்தனையாக்கினால் எந்தக் கஜானாவும் காலியாகாது.

நண்பரின் லொறிக்கு வந்தால், அரை நாள் வாக்குவாதத்துக்குப் பின் மூத்தவர் இணங்கினார். என் நியாயத்துக்காக அல்ல, கழற்றிப் பார்த்தபோது அந்தப் பிளாஸ்டிக்கின் மூக்கில் நகத்தால் தொட்டால் தெரியும் வெடிப்பு இருந்ததற்காக. பம்பிலிருந்து காபரேற்றர்வரை புதிய உருக்குக் குழாயை வளைத்து, முனைகளுக்கு வளையம் எடுத்துப் பூட்டினார். பில்டரைச் சஸியின் உட்புறத்தில், தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே வைத்தார். “இனி ஊத்தையைக் குனிஞ்சுதான் பாக்கவேணும்” என்று முணுமுணுத்தார். இரண்டாவது லொறியை அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.