இழுக்கிற வண்டி நிற்குமா?

"நாலு சில்லும் இழுக்கிற வண்டி, ஸ்னோவுக்குப் பயப்படத் தேவையில்லை." ஒவ்வொரு நவம்பரிலும் கனடாவின் ஸ்காபரோவில் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. கோவில் மண்டபத்தில், பலசரக்குக் கடை வாசலில், கலியாண வீட்டுப் பந்தியில். சொல்கிறவர்கள் பின் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் போகிறவர்கள். அதனால்தான் பொறுக்க முடியவில்லை. இது உயிரை வாங்கக்கூடிய பொய்.

எஞ்சினின் வலுவை நாலு சில்லுக்கும் பகிர்ந்து கொடுக்கிற ஏற்பாடுதான் ஓல் வீல் டிரைவ். புறப்படவும், ஏற்றம் ஏறவும், புதைந்த இடத்திலிருந்து வெளியே வரவும் உதவும். பிரேக் பிடிக்கும்போது அதற்கு வேலையே இல்லை. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. பழைய கொரோலாவுக்கும் அப்படித்தான். வண்டியை நிறுத்துவது ரயர் வீதியைப் பிடிக்கிற பிடி, உள்ளங்கை அளவான நாலு துண்டு ரப்பர். காய்ந்த வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை மிதித்த பின் ஏறக்குறைய 20 மீற்றரில் நிற்கும். வழுக்கும் ஐஸில் அந்தப் பிடி ஏழில் ஒன்றாகக் குறைந்துவிட்டால் 140 மீற்றர் வேண்டும். எந்த ஜீப்பும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல.

ஒரு ஜனவரிக் காலை மச்சானின் புது ஜீப்பில் போனேன். ரூஜ் ஆற்றுப் பக்கத்துச் சரிவு. ஏற்றத்தில் மற்றக் கார்கள் சில்லுச் சுழன்று தவிக்க, எங்கள் வண்டி குலுங்காமல் ஏறியது. "பார்த்தியே, எப்படி இழுக்குதெண்டு!" என்றார். மறுபக்கம் இறங்கும்போது கீழே சிவப்பு விளக்கு. அவர் பிரேக்கை மிதித்தார். பெடல் காலடியில் கரகரவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, சந்தியின் நடுவில் போய்த்தான் நின்றது. குறுக்கே வாகனம் எதுவும் வராததால் இன்று இதை எழுதுகிறேன். அந்த வண்டியில் இருந்தவை ஓல் சீசன் ரயர்கள்.

பெயரில்தான் எல்லாப் பருவமும். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினாலே அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மெதுமை கெடாது. அதன் நுண்ணிய வெட்டுகள் ஸ்னோவைக் கவ்வும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை பக்கச் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"உப்புப் போடுகிறார்களே" என்பார்கள். குளிர் மைனஸ் பத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு சோர்ந்துவிடும். அடியிலும் காற்றடிப்பதால் பாலங்கள் வீதியைவிட முந்தி உறையும். கறுப்பு ஐஸ் வெறும் ஈரம் போலத்தான் தெரியும். பூச்சியத்தை ஒட்டிய ஐஸ், மைனஸ் இருபதின் ஐஸைவிட அதிகம் வழுக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது.

செலவா? ஒரு செட் வின்ரர் ரயர் ஓடுகிற மாதங்களில் மற்ற செட் தேயாமல் கராஜில் இருக்கிறது. வின்ரர் ரயர் பூட்டியவர்களுக்கு ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் 2016 முதல் கழிவு கொடுத்தே ஆகவேண்டும், கேட்டு வாங்குங்கள். கியூபெக் 2008இலேயே வின்ரர் ரயரைச் சட்டமாக்கிவிட்டது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே அது கட்டாயம். எல்லை தாண்டினால் அதே குளிர், அதே ஐஸ். ஒன்ராறியோ இதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருப்பது வெட்கக்கேடு.

இன்னும் நம்பாதவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் ஸ்னோ கொட்டிய மறுநாள் விடிய, ஆளும் தூணும் இல்லாத ஒரு பார்க்கிங் வெளிக்குப் போங்கள். 30இல் ஓட்டி, பிரேக்கை ஒரேயடியாக மிதியுங்கள். நின்ற பின் இறங்கி, மிதித்த இடத்திலிருந்து வண்டி வரைக்கும் காலடி வைத்து எண்ணுங்கள்.