ஓசை அடங்கிய சமையலறை

பத்து காவானில் உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றில், இரவுச் சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்த பிறகும் சமையலறைத் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒளிர்கிறது. புதிதாக வாங்கிய பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இயந்திரத்தின் ஓசை காதில் விழுவதில்லை. அதனால் அது வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் வீட்டிலுள்ளோர் பாதியில் கதவைத் திறந்துவிடக்கூடும். இதைத் தவிர்க்கவே உற்பத்தியாளர்கள் சிலர் கதவின் அடியிலிருந்து தரையில் ஒளி விழும்படி அமைத்திருக்கிறார்கள். ஓசையைக் குறைக்கப் பாடுபட்டவர்களே, அந்த ஓசை செய்துவந்த வேலைக்கு மாற்றாக ஒரு விளக்கைத் தேட வேண்டி வந்தது வேடிக்கைதான்.

இந்த வீட்டில் ஐந்து பேர். அம்மா தொழிற்சாலை ஒன்றில் பகலில் வேலை செய்கிறார். அப்பாவுக்கு இரவுப் பணி. படிவம் நான்கில் ஒரு மகனும் படிவம் இரண்டில் ஒரு மகளும் பயில்கின்றனர். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியும் உடன் இருக்கிறார். பத்து காவானில் இத்தகைய குடும்பங்கள் அரியவை அல்ல. கரும்பும் பின்னர் இரப்பரும் செம்பனையும் விளைந்த தென் செபராங் பிறையின் இப்பகுதி, இரு தலைமுறைக்குள் தொழிற்பேட்டையும் பண்டார் காசியா என்னும் புதுநகரமுமாக மாறிவிட்டது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபோது, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை இவ்வூரைத் தீவோடு நேரடியாக இணைத்தது. மின்னணுப் பொருள்களும் மருத்துவக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் இங்கு இரவும் பகலும் இயங்குகின்றன. ஆகவே, ஊரில் பாதிப் பேர் விழித்திருக்கும் நேரத்தில் மீதிப் பேர் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசையற்ற இயந்திரம் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இந்த உண்மையைக் கருத வேண்டும். காலை எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து படுப்பவருக்கு, சமையலறைச் சுவருக்கு அப்பால் எழும் ஒவ்வோர் ஓசையும் உறக்கத்தைக் கெடுக்கும். புதிய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையே பெரும்பாலும் ஒரே ஒரு சுவர்தான். பழைய இயந்திரங்கள் ஏறத்தாழ 60 டெசிபெல் அளவுக்கு இரைந்தன. அது இருவர் பேசிக்கொள்ளும் ஓசைக்குச் சமம். இன்றைய அமைதியான வகைகள் 45 டெசிபெலுக்கும் கீழே ஓடுகின்றன. சில 40ஐ ஒட்டி நிற்கின்றன. டெசிபெல் என்பது சாதாரணக் கழித்தல் கணக்கு அன்று. பத்து டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். காதுக்கு அது பாதி ஓசையாகத் தோன்றும். வேகத்தை மாற்றிக்கொள்ளும் மோட்டார், எஃகுத் தொட்டியின் மீது ஒட்டப்பட்ட தார் போன்ற கனத்த தகடு, மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் மாறி மாறி நீர் பீய்ச்சும் முறை ஆகியவை சேர்ந்தே இந்த அமைதியைத் தருகின்றன.

தண்ணீர்க் கணக்கிலும் இயந்திரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜெர்மனியின் போன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல ஐரோப்பிய நாட்டினரிடம் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்துக் கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாக நூறு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் செலவானது. இயந்திரத்துக்கோ 15 லிட்டர் போதுமானதாக இருந்தது. ஒரே தண்ணீரைச் சூடாக்கித் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பாய்ச்சுவதுதான் இதன் இரகசியம். சிக்கன ஓட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதைக் கண்டு, “இவ்வளவு நேரமா?” என்று பலர் மிரளுகிறார்கள். குறைந்த சூட்டில் ஊறவைத்து நிதானமாகக் கழுவுவதால்தான் அங்கே மின்சாரமும் மிச்சமாகிறது.

எனினும், அந்த நூறு லிட்டரை அப்படியே நம் வீட்டுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த பெண்கள் பொதுக் குழாயில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்தவர்கள். ஒரு சட்டித் தண்ணீரில் தேய்த்து, மறு சட்டித் தண்ணீரில் அலசி, அந்த அலசிய நீரையும் வாழைக்கன்றுக்கு ஊற்றினார்கள். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் புளியுமே அவர்களின் சவர்க்காரம். அவர்களோடு போட்டியிட்டால் எந்த இயந்திரமும் எளிதில் வென்றுவிட முடியாது. தண்ணீரை வீணாக்குவது கை அன்று. மூடாமல் விடப்பட்ட குழாய்தான். பினாங்கு மக்கள் நாட்டில் மிகுதியாகத் தண்ணீர் செலவிடுவோர் வரிசையில் நெடுங்காலமாக முன்னணியில் இருக்கிறார்கள். மாநிலத்தின் குடிநீரோ பெருமளவு சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு சனவரியில், சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய அடைப்பிதழ்களை மாற்றுவதற்காகச் சில நாள்களுக்கு நீர் விநியோகம் தடைப்பட்டது. வாளிகளை வரிசையாக நிரப்பி வைத்த அந்த நாள்களில், ஒரு தட்டைக் கழுவ எவ்வளவு நீர் போதும் என்பதை இளையோரும் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

இயந்திரத்தை வாங்கிய பின்னும் பழைய பழக்கம் விடுவதில்லை. தட்டுகளைக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டு இயந்திரத்தில் அடுக்குவோர் பலர். இது குளித்துவிட்டுக் குளிக்கப் போவதைப் போன்றது. எச்சிலையும் எலும்பையும் வழித்துக் கொட்டினால் போதும். ஒட்டியிருக்கும் கறியையும் சோற்றையும் கரைப்பதற்கென்றே சலவைத் தூளில் நொதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

தண்ணீரும் மின்சாரமும் இப்படி இருக்க, இந்த இயந்திரம் எழுப்பும் பெரிய கேள்வி வேறு: அது யாருடைய வேலையைக் குறைக்கிறது?

இயந்திரத்தின் வரலாற்றிலேயே இக்கேள்வி ஒளிந்திருக்கிறது. நடைமுறைக்கு உகந்த முதல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காப்புரிமை பெற்றார். அவர் வசதியான வீட்டைச் சேர்ந்தவர். பணியாளர்கள் கழுவும்போது விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைந்ததே அவரைத் தூண்டியது என்பார்கள். அப்படியானால், இயந்திரம் முதலில் இரக்கப்பட்டது தட்டின்மீதுதான். கழுவிய கையின்மீது அன்று. 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பாராட்டுப் பெற்றது. ஆனால், அதை வாங்கியவை தங்கும் விடுதிகளும் உணவகங்களுமே. வீட்டுச் சமையலறைக்கு அது பரவலாக வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வந்து சேர்ந்த பின்னராவது பெண்களின் சுமை இறங்கியதா? அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதை ஆராய்ந்தார். வீட்டு இயந்திரங்கள் உடல் உழைப்பைக் குறைத்தன. ஆனால், இல்லத்தரசி வேலையில் செலவிட்ட நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்பது அவருடைய முடிவு. முன்பு மற்றவர்கள் செய்துவந்த பங்கும் இயந்திரத்தோடு சேர்ந்து அவள் தலையிலேயே விழுந்தது. மலேசியாவின் நிலையும் நினைக்கத் தக்கது. கஸானா ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிடுவது தெரியவந்தது. சம்பளத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணும் வீடு திரும்பியதும் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறாள் என்பதே இதன் பொருள்.

பத்து காவான் வீட்டுக்குத் திரும்பினால் இது கண்கூடாகத் தெரியும். இயந்திரம் கழுவுகிறது, உண்மைதான். ஆனால், மீன் முள்ளை வழித்துக் கொட்டுவது யார்? தட்டுகள் ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்குவது யார்? அடியிலுள்ள வடிகட்டியில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து நாற்றமெடுப்பதற்குள் அதைக் கழற்றித் தேய்ப்பது யார்? காலையில் எல்லாவற்றையும் எடுத்து உரிய இடத்தில் வைப்பது யார்? இவற்றோடு, இயந்திரம் ஏற்றுக்கொள்ளாத பாத்திரங்களும் தமிழர் சமையலறையில் ஏராளம். பழகிய இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்தால் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். அலுமினியப் பானை கறுக்கும். மர அகப்பை வெடிக்கும். மண்சட்டி சலவைத் தூளை உறிஞ்சிக்கொள்ளும். பித்தளைக் குத்துவிளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பா எத்தனை முறை கழுவினாலும் மஞ்சளாகவே வெளியே வரும். ஐரோப்பியத் தட்டுகளுக்காக வடிவமைக்கப்பட்ட கம்பித் தட்டில் சாம்பார்க் குண்டானை வைத்தால் வேறெதற்கும் இடமிருக்காது. ஆகவே, ‘இயந்திரம் வாங்கியாயிற்று, இனி அம்மாவுக்கு என்ன வேலை?’ என்று கேட்பவர் சமையலறைக்குள் எட்டிப் பார்க்காதவராகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் ஓசையின்மை ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவருகிறது. முன்பு பாத்திர ஓசை வீட்டில் ஒரு மொழியாகவே இருந்தது. அம்மா பாத்திரத்தை வைக்கும் விதத்திலேயே அன்றைய மனநிலை தெரிந்துவிடும். மூடி ‘டமார்’ என்று விழுந்தால் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுவார்; பிள்ளைகள் தொலைக்காட்சியை நிறுத்துவார்கள். ‘யாராவது வந்து உதவக் கூடாதா?’ என்பதை வாயால் சொல்லாமல் எவர்சில்வர் குவளையால் சொன்ன காலம் அது. ஓசையில்லாத இயந்திரம் இந்த மொழியைப் பறித்துவிட்டது. அம்மா அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்து அடுக்கியது யாருக்கும் கேட்பதில்லை. கேட்காத வேலை நடக்காத வேலையாகவே கருதப்படுகிறது. இனி, உதவி வேண்டுமென்றால் சொல்லால்தான் கேட்க வேண்டும். சொல்லாமலே செய்யத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் நல்லது.

இயந்திரம் வேண்டாம் என்போரிடமும் ஒரு வலுவான கருத்து இருக்கிறது. தொட்டியருகே ஒருவர் தேய்க்க, ஒருவர் அலச, இன்னொருவர் துடைத்து அடுக்கும்போதுதான் பள்ளிக் கதைகளும் மனக்குறைகளும் வெளியே வருகின்றன. கை வேலையாக இருக்கும்போது வாய் தயங்காமல் பேசுகிறது என்கிறார்கள். இது பொய்யன்று. ஆனால், பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொட்டியருகே மூவர் நின்றதில்லை; ஒருவர்தான் நின்றார். அவர் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கழுவினார். இல்லாத உரையாடலை இயந்திரம் அழித்துவிட்டதாகக் குறைகூறுவது பொருந்தாது. விலையைச் சுட்டிக்காட்டுவோர் பேச்சில்தான் கூடுதல் நியாயம் உண்டு. முழு அளவு இயந்திரத்தின் விலை பெரும்பாலும் ஒருவரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். வாடகையும் வாகனக் கடனும் கட்டத் திணறும் குடும்பத்திடம் போய் இதை வாங்கச் சொல்வது முறையாகாது. அத்தகைய வீட்டில் இரண்டு சட்டித் தண்ணீரும் இரண்டு சோடிக் கைகளும் போதும்.

வாங்க இயன்றவர்கள் வாங்கட்டும். ஆனால், இயந்திரத்தைச் சமையலறையில் பொருத்த ஆள் வரும் அன்றே இன்னொன்றையும் முடிவுசெய்துகொள்வது நல்லது: அதன் கதவை எந்த நாளில் யார் திறப்பது? பத்து காவான் வீட்டில் முதல் இரண்டு வாரங்கள் இது பேசப்படவில்லை. அடுக்கியதும் எடுத்து வைத்ததும் அம்மாதான். பேச்சை எடுத்தவர் பாட்டி. நான்கு மணிக்கே எழுந்து சோறாக்கி, பாத்திரம் துலக்கி, பெரட்டுக்கு ஓடிய அவருக்கு, வேலையின் ஓசை கேட்காவிட்டாலும் வேலை செய்தவரின் இடுப்பு வலி தெரிந்தது. மகனையும் பேரப்பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசினார். இரவில் வழித்துக் கொட்டி அடுக்குவது பிள்ளைகள் இருவர் பொறுப்பு. சனிக்கிழமை வடிகட்டி கழுவுவது மகன். தோசைக்கல்லையும் மண்சட்டியையும் தானே பார்த்துக்கொள்வதாகப் பாட்டி சொன்னார். அந்தச் சட்டிகளை வேறொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. கழுவிய பாத்திரங்களை எடுத்து வைப்பது அப்பாவின் பங்காயிற்று.

இப்போது காலை எட்டரை மணிக்கு, இரவுப் பணி முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் கரண்டிகளைக் கை நிறைய அள்ளி இழுப்பறையில் போடுகிறார். இரவு முழுவதும் ஓசையின்றி ஓடிய இயந்திரம் தராத அத்தனை ஓசையையும் அவர் ஒரே நிமிடத்தில் எழுப்பிவிடுகிறார். உள்ளறையிலிருந்து பாட்டியின் குரல் வருகிறது.

“யாரு, நீயாய்யா உருட்டறது?”

“நான்தாம்மா. இந்தப் பெரிய கரண்டி எங்கம்மா இருக்கும்?”

பதினெட்டு ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கும் கரண்டியைப் பற்றித்தான் அவர் கேட்கிறார்.