டாஷ்போர்டில் கிடக்கும் துப்பாக்கி

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா வந்தால், வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கமிருந்து ஜீப்பிலும் காரிலும் சனம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடும். வந்த வண்டிகள் நிழலில்லாத வெட்டவெளியில் மணிக்கணக்கில் நிற்கும். ஏலக்காய் எஸ்டேட் வைத்திருப்பவர், பஞ்சு வியாபாரி, ஓய்வுபெற்ற ராணுவத்தார் என்று லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் தேனி மாவட்டத்தில் உண்டு. அவர்களில் யாராவது கைத்துப்பாக்கியோடு புறப்பட்டு, கோயிலுக்குள் கொண்டுபோக முடியாதே என்று டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் முதல் பதில், “வெயிலுக்குத் தோட்டா வெடிச்சிரும்” என்பது. வெடிக்காது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் கோடையில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்ளே சராசரியாக 47 டிகிரி செல்சியஸ் இருந்தது. டாஷ்போர்டின் மேல்பரப்பு 69 டிகிரியைத் தொட்டது. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து தானாகப் பற்றிக்கொள்ள 150 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய் வெயில் எவ்வளவு கொடியதானாலும் அந்த அளவுக்கு ஒரு காரைச் சுட்டுவிடாது.

அதற்காக வெயில் ஒன்றும் செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. பல கோடைகள் இப்படிச் சூடேறி ஆறிக்கொண்டே இருந்தால் தோட்டா மருந்தின் தன்மை கெடும். வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகும். துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் இளகி வழிந்துவிடும். இரவில் இரும்பு குளிர்ந்து வியர்க்கும்போது துரு பிடிக்கும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரைப் பெரும் விலை கொடுத்து வாங்கியவர்கள் இந்த நட்டத்துக்காகவாவது யோசிக்க வேண்டும்.

ஆனால் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெரிய ஆபத்தை விட்டுவிடுவோம். அந்த ஆபத்து கார்க் கண்ணாடிதான். ஒரு கல் போதும். கைப்பையோ லேப்டாப்போ தேடி உடைத்தவன் கையில் துப்பாக்கி கிடைக்கிறது. இல்லையென்றால், “தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வாடா தம்பி” என்று சாவியைக் கொடுத்து அனுப்பிய பையன் கையில் கிடைக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் அச்சப்பட வேண்டியது. திருடனுக்காவது அது என்ன பொருளென்று தெரியும்.

அமெரிக்காவில் திருட்டுப் போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு நிறுத்திவைத்த வாகனங்களிலிருந்து போகிறது. அதனால்தான் கொலராடோ மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் சென்றால் அது பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், வண்டியும் பூட்டியிருக்க வேண்டும். வீதிக்கு வீதி துப்பாக்கி விற்கும் நாட்டிலேயே இப்படி என்றால், லைசென்ஸ் கிடைப்பதே குதிரைக்கொம்பான நம் ஊரில் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அனுபவம் உள்ளவருக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2024 அக்டோபர் 1 அதிகாலை, இந்தி நடிகர் கோவிந்தா மும்பை வீட்டிலிருந்து கொல்கத்தா கிளம்பும் நேரத்தில், தன் லைசென்ஸ் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனார். அது கை தவறி வெடித்துக் காலில் குண்டு பாய்ந்தது. வீட்டுக்குள், நிதானமாக எடுத்து வைக்கும்போதே இந்தக் கதி. பார்க்கிங்கில், அவசரத்தில், சீட்டுக்கு அடியில் தோட்டா போட்டபடியே திணிக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஏன் வண்டியில் விட்டுப் போகிறார்கள்? கூட எடுத்துப் போக இடமில்லை என்பதால். நீதிமன்றத்துக்குள் விடமாட்டார்கள். கோயிலிலும் பெரிய மருத்துவமனைகளிலும் அப்படியே. எல்லாரும் “உள்ளே கொண்டு வராதே” என்கிறார்கள். “இங்கே வைத்துவிட்டுப் போ” என்று எவரும் சொல்வதில்லை. செல்போனுக்கு டோக்கன் போட்டு வாங்கி வைக்கும் கோயில்கள் எத்தனையோ உண்டு. ஒரு துப்பாக்கிக்குப் பூட்டுப் பெட்டி வைத்திருக்கும் இடம் எது? இதில் துப்பாக்கிக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமாகாது.

காட்டு எல்லையில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகும். வருசநாட்டு மலை மேகமலை வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் பையில் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுகிறவர் தென்பழனி சோதனைச் சாவடி வந்த பிறகுதான் இதை நினைத்துப் பார்க்கிறார் என்றால், கீழே வண்டியை நிறுத்தித் துப்பாக்கியை அதிலேயே விட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறத்தான் தோன்றும். கம்பம்மெட்டு, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டம் போகிறவர்களுக்கும் ஒரு சொல். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸ் கேரளத்தில் செல்லாது.

காட்டுப்பன்றிப் பிரச்சினையைத் தொடாமல் வருசநாட்டில் துப்பாக்கியைப் பற்றிப் பேச முடியாது. ராத்திரியில் பன்றி புகுந்து கிழங்கும் கடலையும் போன தோட்டக்காரரின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று ஆணையிட்டது. அது போதுமா என்பது வேறு விவாதம். காட்டை ஒட்டியே தோட்டம் வைத்திருப்பவருக்கு அந்த ஆணையால் பயனில்லை என்ற குறை நியாயமானதே. அந்தக் கோபம், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியாகவும், இரைக்குள் வைக்கும் நாட்டுவெடியான அவுட்டுக்காயாகவும் ஜீப்பின் பின்சீட்டில் சாக்குப்பைக்குள் ஏறிவிடும்போதுதான் ஊருக்கே ஆபத்து. தோட்டாவைப் பற்றி மேலே சொன்ன ஆறுதல் அவுட்டுக்காய்க்குப் பொருந்தாது. அது உராய்வுக்கும் அதிர்ச்சிக்கும் வெடிக்கும் கலவை. மலைப்பாதையில் ஜீப் குலுங்குகிற குலுக்கலுக்கு அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

வனத்துறைக்கும் விவசாயிக்கும், போலீசுக்கும் ஊருக்கும் ஆயிரம் வழக்கு இருக்கட்டும். ஆளில்லாத இடத்தில் ஆயுதம் கிடக்கக் கூடாது என்பதில் இவர்களில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. அந்த ஒன்றிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

லைசென்ஸ்காரர் முதலில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, போகிற இடம் எல்லாவற்றுக்கும் இது தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தேவையிருக்காது. அப்போது இரும்புப் பீரோவில், தோட்டாவைத் தனியே எடுத்துப் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். வழியில் விட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், வண்டிச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியாவது இருக்க வேண்டும். தோட்டா கழற்றிய துப்பாக்கி பெட்டிக்குள், தோட்டா வேறு இடத்தில், சாவி இடுப்பில். வண்டியை நிறுத்தும் முன்பே, பார்ப்பவர் இல்லாத இடத்தில் அதை வைத்து முடிக்க வேண்டும். பார்க்கிங்கில் இறங்கி நின்று டிக்கியைத் திறந்து வைப்பது திருடனுக்கு வழிகாட்டுவதாகும். டிரைவரிடமும் வீட்டுப் பிள்ளைகளிடமும், “இந்தப் பெட்டியைத் தொடாதே” என்பதோடு நிறுத்தாமல் ஏன் என்றும் சொல்லிவிடுவது நல்லது.

ஒருவேளை தொலைந்துவிட்டால் உடனே பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுப்பது லைசென்ஸ் நிபந்தனை. லைசென்ஸ் போய்விடுமே என்று இரண்டு நாள் தேடிப் பார்க்கிறவர், அந்த இரண்டு நாளில் நடப்பதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். வீட்டார் இதை மூடி மறைக்கத் துணைபோகக் கூடாது.

மற்றவர்கள் பங்கு பெரிய செலவில்லாதது. வீரபாண்டித் திருவிழா போன்ற கூட்டத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து போடும்போது, தற்காலிகப் புறக்காவல் நிலையத்தில் ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு பதிவேடும் வைக்க முடியாதா? நீதிமன்ற வளாகத்திலும் அப்படியே. வனத்துறை, சரணாலயச் சட்டத்தை மலையடிவார ஊர்களிலேயே பலகை எழுதி வைக்கலாம். சாவடியில் வந்து தெரிந்துகொள்வது யாருக்கும் உதவாது. நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்பவர் மேல் வழக்கில்லை என்று தமிழகத்தின் வேறு மலை மாவட்டங்களில் போலீஸ் அறிவித்து, சனங்களும் முன்வந்து ஒப்படைத்திருக்கிறார்கள். கடமலை - மயிலை ஒன்றியத்திலும் ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யலாம்.

இதற்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கும் வழக்கம் நமக்குப் பழகியதுதான். நெடுநாள் வெளியூர் போகிறவர், வீட்டில் கல்யாணம் காதுகுத்து என்று கூட்டம் கூடப்போகிறவர், தேர்தல் இல்லாத நாளிலும் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டுப் போகலாம். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், தோட்டா எண்ணிக்கை எல்லாம் குறித்து ஸ்டேஷன் ரைட்டரிடமோ வியாபாரியிடமோ கையெழுத்தும் சீலும் போட்ட ரசீது வாங்காமல் படியிறங்க வேண்டாம்.