தேடுபொறித் தரவு: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

பழைய நண்பரொருவரின் மகள் ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளராகப் பணிபுரிகின்றார். தமிழ்ச் செய்தித் தளங்களில் ஒரு விடயம் பற்றி வெளியானவற்றைத் திரட்டித் தரும் செயலியொன்றை உருவாக்கி வருகின்றார். அதற்குத் தேடுபொறி முடிவுகளைத் தரவாக வழங்கும் ஏ.பி.ஐ. சேவை தேவைப்பட்டது. விலைப்பட்டியல்களை ஒப்பிட்டு எனக்கும் அனுப்பியிருந்தார். "எல்லாரும் ஒரே முடிவைத்தானே தருகினம்? அப்ப மலிவானதை எடுத்தால் என்ன, மாமா?" என்பது அவருடைய கேள்வி.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆயினும் இக்கேள்வி எனக்குப் புதிதன்று. செய்தி முகவர் நிலையமொன்றைத் தெரிவு செய்யும்போது பத்திரிகை ஆசிரியர் எதிர்நோக்கும் அதே கேள்விதான் இது. நான் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், மலிவென்று ஒரு சேவைக்குச் சந்தா கட்டினோம். அது இன்னொரு நிறுவனத்தின் செய்திகளைப் பிரதி செய்தே அனுப்பி வந்தது என்பது, அந்த மூல ஊற்று அடைபட்ட இரவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது.

இத்துறையின் வரலாறும் எச்சரிக்கையாகவே இருக்கின்றது. கூகிள் நிறுவனம் 2002 ஏப்ரலில் நாளொன்றுக்கு 1,000 தேடல்களை இலவசமாக அனுமதிக்கும் ஏ.பி.ஐ. ஒன்றைத் திறந்தது. 2006 டிசெம்பரில் புதியவர்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. 2009இல் சேவையே மூடப்பட்டது. யாஹூ 2008இல் தொடங்கிய 'பொஸ்' சேவை 2016இல் முடிவுக்கு வந்தது. மைக்ரோசொப்ட் தனது பிங் தேடல் ஏ.பி.ஐ.யின் விலையை 2023இல் உயர்த்தியது. 2025 ஒகஸ்ட் 11ஆம் திகதி அதனை முற்றாக நிறுத்தியது. ஒவ்வொரு தடவையும் வாடகை வீட்டில் இருந்தவர்களே வீதிக்கு வந்தனர்.

இன்று சந்தையில் இருப்போரை இரண்டு வகையினராகப் பிரிக்கலாம். பிரேவ், மோஜீக் போன்றோர் இணையத்தைத் தாமே வலம்வந்து சொந்தச் சுட்டியை வைத்திருப்பவர்கள். மற்றையவர்கள், நமது கேள்வியைக் கூகிள் போன்ற தேடுபொறியின் பக்கத்துக்கு அனுப்பி, அங்கு தோன்றும் முடிவுகளைச் சுரண்டியெடுத்து ஒழுங்குபடுத்தித் தருபவர்கள். மலிவு விலைகள் பெரும்பாலும் இவர்களிடமே உள்ளன. ஆனால் ஊற்று இவர்களுடைய கையில் இல்லை. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைப் பெறும் வசதியைக் கூகிள் 2025 செப்டெம்பரில் நீக்கியபோது, ஒரு கோரிக்கையில் முடிந்த வேலைக்குப் பத்துக் கோரிக்கைகள் தேவைப்பட்டன. 2025 ஒக்டோபரில் ரெடிட் நிறுவனமும், அதே ஆண்டு டிசெம்பரில் கூகிளும் சேர்ப்ஏபிஐ என்ற இத்தகைய சேவைக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தன. யார் பக்கம் நியாயம் என்பதன்று இங்கு என் பேச்சு. வழக்காடுபவர்களுக்கு இடையில் நமது செயலி நிற்கின்றது என்பதே கவலை.

அப்படியானால் சுரண்டித் தருவோரை முற்றாகத் தவிர்க்க வேண்டுமா? கூகிளில் தமது தளம் எத்தனையாவது இடத்தில் வருகின்றது என்று அளப்பதே ஒருவரின் தொழிலாயின், பிரேவின் சுட்டி அவருக்குப் பயன்படாது. மக்கள் நாள்தோறும் நம்பியிருக்கும் செயலிக்கோ, சொந்தச் சுட்டி உடையவரை முதலாவதாகவும் மற்றவரை மாற்று ஏற்பாடாகவும் கொள்வதே சரி என்பேன்.

தமிழுக்குத் தனியான பரீட்சையும் வேண்டும். யுனிகோட்டில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, கணனிக்கு அவை வெவ்வேறு. இரண்டு வடிவத்திலும் தேடி ஒரே முடிவு வருகின்றதா என்று பார்க்க வேண்டும். இணைய முகவரிக்குள் குறியேற்றப்படும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துருக்களாக விரியும். நீண்ட கேள்விகள் இடையில் வெட்டுப்படுகின்றனவா என்பதும் முக்கியம். நாடு, மொழி ஆகிய தெரிவுகள் உண்மையாகவே இயங்குகின்றனவா என்றும் சோதிக்க வேண்டும். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரே பட்டியல் வந்தால் ஐயப்பட இடமுண்டு.

ஆகவே அவருக்கு நான் எழுதியது இதுதான். பயனாளர்கள் உண்மையாகக் கேட்கக்கூடிய 50 கேள்விகளை எடுத்து, மூன்று நிறுவனங்களிடம் வெவ்வேறு நேரங்களில் கேட்டுப் பார்க்கவும். தோல்வியடைந்த கோரிக்கைக்கும் கட்டணம் உண்டா, முடிவுகளைச் சேமித்து வைக்க அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் வாசிக்கவும். வழங்குநருடன் பேசும் நிரற்பகுதியைத் தனியாக ஒதுக்கி வைக்கவும். நாளை ஆள் மாறினால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

அவர் பட்டியலைத் திருத்தி மீண்டும் அனுப்பியிருக்கின்றார். விலை இப்போது மூன்றாவது நிரலுக்குப் போய்விட்டது. முதலாவது நிரலின் தலைப்பு: 'தரவு எங்கிருந்து வருகின்றது?'