ஃபார்மேட் என்னும் அவசரம்

வீட்டுக் கணினியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பை ஏற்றத் தொடங்கி, அது பாதியில் நின்று, திரை நீலமாகவோ கறுப்பாகவோ உறைந்துபோனால், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவருக்கு அநேகமாக முதலில் கிடைக்கும் பதில், “ஃபார்மேட் போட்டுடலாம் சார், ஒரு மணி நேரத்துல ரெடி” என்பதுதான். அந்தப் பதிலுக்கு உடனே சம்மதிக்கக் கூடாது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருத்தணி மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் இது நேர்ந்தது. பாதிக்கு மேல் ஏறியிருந்த சமயத்தில் இடியோடு மழை பிடித்து மின்சாரம் போயிற்று. அது திரும்பி வந்தபோது, கணினி விழிப்பதும் உடனே அணைவதுமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதனுள் இருந்தவற்றில் இரண்டை நினைத்துத்தான் கலங்கினேன். ஒன்று, இவ்வூர் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை ராஜ்யத்தோடு சேருவதற்கு முன், சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், என் பாட்டனார் வாங்கிய நிலத்தின் தெலுங்குப் பத்திரத்தை, கரையான் அரித்துத் தீர்ப்பதற்குள் படமெடுத்து வைத்த பிரதி. மற்றொன்று, தமிழையும் தெலுங்கையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசிய என் பாட்டி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் படியேறிய நாட்களைச் சொல்லச் சொல்ல நான் பதிந்து வைத்த குரல். பத்திரத்துக்கு மனுப்போட்டு நகல் வாங்கிவிடலாம். பாட்டி காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஃபார்மேட் செய்யச் சொல்லுகிறவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லுவதில்லை. கணினி ஓட வேண்டும் என்பதே தமக்கு இடப்பட்ட வேலை என்று அவர் நினைக்கிறார். ஆனால், ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது வட்டின் ஒரு பாகத்தில் குடியிருக்கும் நிர்வாகி மாத்திரமே. நிர்வாகி மூர்ச்சையானதால் கஜானா காலியாகிவிடுவதில்லை. பெரும்பாலும் கோப்புகள் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. அவற்றை உண்மையில் அழிப்பது, பழுதுக்குப் பிறகு பதற்றத்தில் நாம் செய்யும் காரியமே.

என் தங்கை மகள் லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை எழுப்பினாள். “மாமா, இன்ஸ்டால்ங்கிறத மட்டும் தொட்டுடாதீங்க” என்பது அவள் செய்த ஒரே எச்சரிக்கை. வட்டு திறந்தது. எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, பாட்டியின் குரலைக் கேட்ட பிறகே, பழைய சிஸ்டத்தை அழித்துப் புதியதை ஏற்றினோம். வட்டு பூட்டப்பட்டிருக்குமானால் இவ்வழி மாத்திரம் போதாது: விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி வேண்டும், அதைப் புதுப்பிப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைப்பது அவசியம்.

மின்தடைதான் காரணமாக வேண்டும் என்பதுமில்லை. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த புதுப்பிப்பு, உபயோகிப்பவர்கள் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்திவைத்தது. அதே விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டபடியால், பழைய கணினி வைத்திருக்கும் குடும்பங்கள் பதிப்பு மாற்றும் நிர்ப்பந்தத்தில் இருக்கின்றன. கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி எடுக்காமல் அந்தக் காரியத்தில் இறங்குவது பெரிய அபாயம்.

இந்த அபாயத்துக்குப் பரிகாரம் ஒரு காலத்தில் அரசின் கையிலேயே இருந்தது என்பதுதான் என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. 2011 செப்டம்பர் 15-இல், இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில், விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே கணினிக்குள் இரண்டு சிஸ்டம்: ஒன்று விழுந்தாலும் மற்றொன்றின் வழியே கோப்புகளை எடுத்துவிடக் கூடிய அருமையான ஏற்பாடு அது. அந்தக் கணினியைப் பெற்றவர்களில் நான் விசாரித்த ஒருவருக்கும், என் தங்கை மகள் நீங்கலாக, அந்த இரண்டாவது வாசல் எதற்கென்று தெரிந்திருக்கவில்லை. பொருளைக் கொடுத்தவர்கள் அதன் பிரயோஜனத்தையும் ஒரு வகுப்பாவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

இப்போதாவது தாலுகா அலுவலக இ-சேவை மையங்களில், சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் ஆள் இருப்பது போல, விழுந்த கணினியிலிருந்து கோப்புகளை எடுத்துக் கொடுக்கவும் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தலாம். கடைக்காரர்களும், ஃபார்மேட் செய்வதற்கு முன் “கோப்புகளை எடுத்தாயிற்றா?” என்று கேட்டு, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். இதற்கு வேண்டிய மென்பொருள் இலவசம். அதை ஏற்றும் பென் டிரைவின் விலை ஆயிரம் ரூபாய்கூட ஆகாது.