சர்ஃபேஸ் மாடலிங் கத்துக்க இஎம்ஐ எதுக்கு?

மெக்கானிக்கல் முடிச்சுட்டு, கம்ப்யூட்டர் டிசைன் கோர்ஸுக்கு இஎம்ஐ போடப் போறீங்களா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதைப் படிங்க.

போல்ட், பிராக்கெட் எல்லாம் வரையறது சீக்கிரமே வந்துடும். பைக் டேங்க், ஹெல்மெட், மவுஸ் மாதிரி வளைஞ்சு நெளிஞ்ச வடிவத்துலதான் திறமை தெரியும். அதுக்கு கமாண்ட் மனப்பாடம் பண்ணினா போதாது, கண் பழகணும். ரெண்டு சர்ஃபேஸ் சேர்ற இடத்துல ஜீப்ரா கோடுகளை ஓடவிட்டுப் பாருங்க. கோடு விலகி நின்னா, விளிம்பு மட்டும்தான் ஒட்டியிருக்கு, அது ஜி0. கோடு சேர்ந்து, அங்கேயே முறிஞ்சு திரும்பினா ஜி1. வழுக்கிக்கிட்டுப் போனா ஜி2. பளபளன்னு பெயின்ட் அடிச்ச டேங்க்ல, ஜி1-ஓட நிறுத்தின இடத்தை வெயில் காட்டிக் கொடுத்துடும்.

இந்தக் கண்ணை எந்த சர்டிஃபிகேட்டும் தராது. ரைனோ சாஃப்ட்வேரை முழுசா 90 நாள் இலவசமா ஓட்டலாம். அதுக்கப்புறம்தான் சேவ் ஆகாது. உங்க மேஜையில இருக்கற மவுஸை மட்டும் எடுத்துக்கோங்க. முடிஞ்சவரை குறைஞ்ச கன்ட்ரோல் பாயின்ட்ல கட்டுங்க. பாயின்ட் கூடக் கூட சர்ஃபேஸ் அலையடிக்கும். பத்து தடவை அழிச்சுக் கட்டினாலும் செலவு கிடையாது (கரண்ட் பில் தவிர!).

90 நாள் கழிச்சும் ஆசை குறையலன்னா கோர்ஸுக்குப் போங்க. அப்பவும் கடன் வேண்டாம், சேர்த்து வச்சுக் கட்டுங்க. இன்ஸ்டிட்யூட்ல "எத்தனை சாஃப்ட்வேர் சொல்லித் தருவீங்க?"ன்னு கேக்காதீங்க. "உங்க ஸ்டூடன்ட் செஞ்ச ஒரு மாடல்ல ஜீப்ரா ஓட்டிக் காட்டுங்க"ன்னு கேளுங்க.